உரோசாவின் உட்காவல்



மலர்களின் அரசி எனப் போற்றப்படும் உரோசாவுக்குத் தீராத பகை ஒன்று உண்டு. இலைகளிலே வட்டவட்டமாகக் கரிய புள்ளிகள் தோன்றும். அவற்றைச் சூழ்ந்த பகுதி மஞ்சளாகும். பின்னர் இலைகள் உதிரும். இலையிழந்த செடி நலிந்து, பூக்கும் ஆற்றலையும் இழக்கும். இதுவே கரும்புள்ளி நோய். இதனை உண்டாக்குவது ‘டிப்ளோகார்ப்பன் உரோசே’ என்னும் பங்கசு. மழைத்துளியோடு தெறித்து வரும் அதன் வித்தி, ஏறத்தாழ 7 மணி நேரம் ஈரம் காயாதிருக்கும் இலையிலே முளைத்து, புறத்தோலைத் துளைத்துக் கலங்களின் உணவை உறிஞ்சுகின்றது.

இப்பகை வலுப்பெற மனிதனின் ஆசையும் ஒரு காரணமாயிற்று. ஐரோப்பியத் தோட்டங்களிலே அடர்ந்த மஞ்சள் நிறமுடைய கலப்பின உரோசாவுக்காகப் பலர் ஏங்கிய காலம் ஒன்று இருந்தது. பிரான்சு நாட்டு லியோன் நகரைச் சேர்ந்த யோசெப் பெர்னே டூஷே என்பவர், ‘பாரசீக மஞ்சள்’ உரோசாவைக் கலந்து, ‘சோலெய் டோர்’ என்னும் புதுவகையை 1900இல் வெளியிட்டார். அதன் வழித்தோன்றல்கள் உலகெங்கும் பரவின. ஆனால், பொன்னிறத்தோடு கரும்புள்ளிக்கு எளிதில் இரையாகும் இயல்பும் அவற்றுக்கு வந்து சேர்ந்தது.

இழந்த காவலை மீட்க வழி உண்டா? கொத்துக்கொத்தாக வெண்பூப் பூக்கும் கிழக்காசியக் காட்டு உரோசா ஒன்றே இதற்கு விடை தந்தது. அதன் வழிவந்த செடியொன்றில் இந்நோயைத் தடுக்கும் தனியொரு பரம்பரையலகு இருப்பதை ஜேர்மன் ஆராய்ச்சியாளர் 1998இல் அறிவித்தனர். அதற்கு ‘ஆர்.டி.ஆர். 1’ எனப் பெயரிட்டனர்.

அது எவ்வாறு காக்கின்றது? நமது குருதியிலே வெண்கலங்கள் சுற்றி வந்து கிருமிகளை எதிர்க்கின்றன. செடிக்கு அத்தகைய நடமாடும் படை இல்லை. ஒவ்வொரு கலமும் தன்னைத் தானே காக்க வேண்டும். இப்பரம்பரையலகின் கட்டளைப்படி உருவாகும் புரதம், வாயிற்காவலன் போலக் கலத்தினுள்ளே விழித்திருக்கின்றது. பங்கசின் வரவை உணர்ந்ததும் எச்சரிக்கை எழுப்பி, எதிர்ப்புச் செயல்களைத் தூண்டுகின்றது. இத்தகைய காவலில், தாக்குண்ட கலங்கள் சில தாமே மடிந்து பகைவன் மேலும் பரவாது தடுப்பதும் உண்டு.

எனினும், ஒரு காவலனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. இப்பங்கசில் 10க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுட் சில இக்காவலையும் மீறவல்லன. ஆதலால், வெவ்வேறு காவற் பரம்பரையலகுகள் பலவற்றை ஒரே செடியில் ஒன்றுசேர்ப்பதே அறிஞரின் நோக்கம். தோட்ட உரோசாக்கள் பெரும்பாலானவற்றில் நிறமூர்த்தங்கள் நான்கு தொகுதிகளாக இருப்பதால், இம்முயற்சி பொறுமையை வேண்டுவது.

அதுவரை நாம் செய்யத்தக்கவை எளியன. நீரை இலைமீது தெளியாது வேரடியில் ஊற்றுங்கள். உதிர்ந்த நோயிலைகளைப் பொறுக்கி அகற்றுங்கள். புதிய செடி வாங்கும்போது பூவின் நிறத்தை மட்டுமன்றி, இலையின் நலத்தையும் கேட்டறியுங்கள். அழகை மட்டுமே தேடிப் பெருக்கியதால் இழந்த காவலை மீட்க, ஒரு நூற்றாண்டு கடந்தும் உழைக்க வேண்டியிருக்கின்றதன்றோ?