காது கேளாத பிள்ளைக்குப் பாட்டு வகுப்பா?

திருமுறை ஓதும் போட்டி நெருங்கிவிட்டால் தாப்பா வட்டாரத்துத் தமிழர் வீடுகளில் பிள்ளைகளைத் தேவார வகுப்புக்கு அனுப்புவது வழக்கம். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் அந்தப் போட்டிக்காகத்தான் நம் பிள்ளைகளில் பலர் முதன்முதலாக வாய் திறந்து பாடுகிறார்கள். அண்ணனும் அக்காளும் போவார்கள். காதில் கருவி மாட்டிய தம்பி மட்டும் வீட்டில் இருப்பான். "அவனுக்குத்தான் காது கேட்காதே, பாட்டு எதற்கு? நாலு பேர் சிரிப்பார்கள்" என்பார் பாட்டி. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பிள்ளை இழப்பது பாட்டை மட்டுமன்று, தெளிவான பேச்சையும் சேர்த்துத்தான்.

காது கேளாதவர் என்றாலே அவருக்கு உலகம் முழுவதும் மௌனம் என்று நினைப்பது தவறு. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கேட்கும் திறன் எஞ்சியிருக்கும். பலருக்கு முதலில் மறைவது கீச்சென்ற உயர் ஒலிகள்தாம். கனத்த, தாழ்ந்த ஒலிகள் கடைசிவரை ஓரளவு நிற்கும். அதுவும் இல்லாவிட்டால் தோல் இருக்கிறது. கோயில் திருவிழாவில் உறுமி மேளம் அருகே வந்தால் நெஞ்சுக்குள் அதிர்கிறதே, அந்த அதிர்வு காது கேளாதவருக்கும் கிடைக்கும்.

நம் தோல் வினாடிக்கு ஏறத்தாழ 1,000 அதிர்வுகள் வரை உணரும். 250 அதிர்வுகளை ஒட்டிய ஒலிகளை மிக நன்றாகவே உணரும். ஆண்கள் பாடும் ஒரு கட்டைச் சுருதியில் ஆதார ஷட்ஜம் சுமார் 131 அதிர்வுகள். பெண்களின் ஐந்து கட்டையில் சுமார் 196. அதாவது, நாம் பாடத் தொடங்கும் அந்த முதல் ஸ்வரம் விரலால் தொட்டு உணரக்கூடிய எல்லைக்குள்தான் இருக்கிறது! சுருதிப் பெட்டியைப் பிள்ளையின் மடியில் வைத்தாலும், ஊதிய பலூன் ஒன்றைக் கையில் கொடுத்து அதன் அருகே பாடினாலும் இது புரியும்.

சுவரில் கை வைத்துக் கற்றவர்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளெனி 1965-இல் பிறந்தவர். 12 வயதுக்குள் செவித்திறனைப் பெருமளவு இழந்தார். அவருடைய இசை ஆசிரியர், இசையறையின் சுவரில் அவரைக் கைகளை வைக்கச் சொல்லிவிட்டுப் பெரிய முரசுகளை அடித்துக் காட்டினார். தாழ்ந்த ஒலி காலிலும் பாதத்திலும், உயர்ந்த ஒலி முகத்திலும் கழுத்திலும் படுவதை அந்தச் சிறுமி பிரித்தறியக் கற்றார். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் முதலில் அவரைச் சேர்க்கத் தயங்கியது. அவர் விடவில்லை. சேர்ந்து பட்டமும் பெற்றார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் முழங்கிய தாளவாத்தியக் குழுவில் முன்னின்றவர் அவரே. மேடையில் அவர் வெறுங்காலோடு வாசிப்பதை ரசிகர்கள் அறிவார்கள்.

தாளவாத்தியம் சரி, வாய்ப்பாட்டு முடியுமா? அமெரிக்காவின் மேண்டி ஹார்வி பல்கலைக்கழகத்தில் குரலிசை படித்துக்கொண்டிருந்தபோது, 20 வயதாகும் முன்பே, கேட்கும் திறனை இழந்தார். படிப்பு நின்றது. பிறகு தந்தை கித்தார் வாசிக்க, சுருதி சேர்க்கும் கருவியின் முள்ளைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தொண்டை எப்படி இறுகுகிறது, நெஞ்சு எங்கே அதிர்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு மீண்டும் பாடினார். 2017-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற திறன் போட்டி நிகழ்ச்சியில் நான்காம் இடம் அவருக்குக் கிடைத்தது. அவர் பார்த்த முள்ளை இன்று கைப்பேசிச் செயலி இலவசமாகவே காட்டுகிறது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. இருவருமே முன்பு கேட்டவர்கள். இசையின் நினைவு அவர்களிடம் இருந்தது. பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு அந்த முதலீடு இல்லை. அவனை மேடைப் பாடகனாக்குவது நோக்கமும் அன்று. பின் எதற்குப் பாட்டு?

பணமும் மணமும்

கண்ணாடி முன் நின்று 'பணம்' என்று சொல்லுங்கள், பிறகு 'மணம்' என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. மூக்கின் மேல் விரலை வைத்துச் சொன்னால் 'ம'வுக்கு அதிரும், 'ப'வுக்கு அதிராது. அந்த 'ம்'மை நீட்டி ரீங்காரமாகப் பாடும்போது பிள்ளை அதைத் தன் விரலாலேயே பிடித்துவிடுகிறான்.

இன்னொன்று குறில், நெடில். 'கல்' வேறு, 'கால்' வேறு. 'படம்' வேறு, 'பாடம்' வேறு. தமிழில் பொருளையே மாற்றுவது ஒரு மாத்திரை நீளம். அதைக் காதால் அளக்க முடியாதவன் கையால் தாளம் போட்டு அளக்கலாம். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பிதாவின் கையைப் பிடித்துத்தான் மாதாவிடம் போக வேண்டும். அவர்களின் பேச்சு ஒரே தட்டையான குரலில், சில வேளை மிக உரக்க வருவதற்குக் காரணம் தன் குரலைத் தானே கேட்டுச் சரிசெய்ய முடியாததுதான். உரக்க, மெல்ல, மேலே, கீழே என்று குரலை ஆளப் பழக்கும் இடம் பாட்டு வகுப்பு. சென்னையில் 1969-இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா பள்ளி, காது கேளாத குழந்தைகளுக்கு மிக இளவயதிலேயே கேட்கவும் பேசவும் கற்பித்து வழக்கமான பள்ளிகளுக்கு அனுப்பிவருகிறது.

வயதுதான் முக்கியம். ஒலியைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி பக்குவப்படுவது முதல் மூன்று, மூன்றரை ஆண்டுகளில். "ஆண்பிள்ளை, பேச்சு தாமதமாகத்தான் வரும்" என்று காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். தாப்பாவிலிருந்து ஈப்போ பொது மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணம்தான். ஒரு வயதிலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையைக் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டிவிட வேண்டும்.

கருவி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? கேட்புக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. புல்லாங்குழலின் நீண்ட ஸ்வரத்தைத் தன் கீச்சொலி என்று எண்ணி அடக்கிவிடும் கருவிகளும் உண்டு. ஆடியோலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் நிபுணரிடம் இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரும்படி கேட்கலாம். கேட்டால்தான் செய்து தருவார்கள்.

அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் கருவி, நம் நாட்டில் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995-இல் தொடங்கியது. உட்செவியில் ஒலியை நரம்புக்குத் தரும் உள்வரிசை முடிச்செல்கள் சுமார் 3,500 இருக்க, கருவியில் இருப்பதோ அதிகம் போனால் இருபத்துச் சொச்சம் மின்முனைகள். அதனால் தாளம் தெளிவாகக் கேட்கும், ராகம் மங்கலாகத்தான் கேட்கும். பழகப் பழகத் தேறும். ஒரே குரல், ஒரே வாத்தியம், எதிரொலிக்காத அறை என்று தொடங்குவது நல்லது. இந்தக் கணக்கில் ஒலிபெருக்கி அலறும் கோயில் மண்டபம்தான் மிக மோசமான வகுப்பறை. ஆசிரியர் முகத்தில் வெளிச்சம் விழ, புத்தகத்தால் வாயை மறைக்காமல், பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தால் போதும்.

இதனால் சைகை மொழி வேண்டாம் என்று பொருளில்லை. மலேசியச் சைகை மொழியை 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே ஏற்றிருக்கிறது. இரண்டையும் கற்கும் பிள்ளைக்கு எந்த நட்டமும் இல்லை.

பெரியவர்களையும் சொல்ல வேண்டும். ரப்பர் ஆலையிலும் ஈயச் சுரங்கத்திலும் இயந்திர இரைச்சலில் காலம் கழித்தவர்கள், "கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்று சொல்லிப் பஜனைக் குழுவிலிருந்து மெல்ல ஒதுங்கிவிடுகிறார்கள். சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கி, அவர்களை ஆர்மோனியத்தின் பக்கத்திலேயே உட்கார வைத்தால் பலரால் சேர்ந்து பாட முடியும். பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொள்ளலாம்.

உறுமி மேளக் குழு இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையிடங்களில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை என்று 2019-ஆம் ஆண்டு விதிமுறை கூறுகிறது. மேளத்தின் நடுவே நிற்பவர் காதில் விழுவது அதைவிட வெகு அதிகம். மருந்துக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் நுரைப்பஞ்சுக் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு அடித்தாலும் தாளம் தப்பாது. அது நெஞ்சில் கேட்கும்.