டெங்கு அபாயமும் பிரதேச வேறுபாடும்

ஒரு நாட்டின் சகல பகுதிகளையும் ஒரு நோய் ஒரே அளவில் தாக்குவதில்லை. இலங்கையில் டெங்குக் காய்ச்சல் உண்டென்பது 1962ஆம் ஆண்டில் குருதிப் பரிசோதனையால் உறுதியாயிற்று. 2017ஆம் ஆண்டில் 186,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். அவருள் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கினர் மேல் மாகாணத்தவர். இத்தகைய கணக்குகளைக் கொண்டே மாவட்டங்களை அபாயம் மிக்கவை, குறைந்தவை என வகுப்பர். இவ்வேறுபாடு எதனால் உண்டாகின்றது? அபாயம் குறைந்ததெனக் கூறப்படும் இடத்தில் வாழ்வோர் கவலையற்றிருக்கலாமா? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

டெங்கு வைரசைப் பரப்புவன ஈடிசு இனத்தைச் சேர்ந்த இருவகை நுளம்புகள். பூச்சாடி, ரயர், சிரட்டை, கூரைப்பீலி முதலியவற்றில் தேங்கும் நீரே அவற்றின் பிறப்பிடம். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். நீர் வற்றினும் முட்டைகள் பல மாதம் அழியாதிருந்து, மறுமழையிற் பொரிக்கும். இந்நுளம்பு நெடுந்தூரம் பறப்பதன்று. பிறந்த வீட்டின் அயலிலேயே பெரும்பாலும் தன் வாழ்நாளைக் கழிக்கும். ஆதலின், வீடுகள் நெருங்கிய நகரங்களில் ஒரு நுளம்பே பலரைக் கடித்து நோய் பரப்பும். கொழும்பும் அதன் அயலும் முதலிடம் பெறுதற்கு இது தலையாய காரணமாகும்.

இடத்தோடு காலமும் கருதற்பாலது. தென்மேற்குப் பருவமழையை அடுத்து, யூன், யூலை மாதங்களில் மேற்குப் பகுதிகளில் நோய் பெருகும். வடக்கிலும் கிழக்கிலுமோ வடகீழ்ப் பருவமழையை ஒட்டி, ஆண்டின் இறுதியிலும் தை மாதத்திலும் அது தலையெடுக்கும். எனவே, ஆண்டு முழுவதற்கும் ஒரே அபாய நிலையை ஒரு மாவட்டத்துக்கு வகுத்துவிடல் பொருந்தாது.

வைரசு வேறாயின் அபாயப் பிரதேசமும் வேறாகும். யப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்சு நுளம்பு வயல்நீரிற் பெருகுவது. பன்றிகளும் நீர்ப்பறவைகளும் அவ்வைரசின் உறைவிடங்கள். 1985ஆம் ஆண்டின் இறுதியில் அது கொள்ளைநோயாக எழுந்தது நெரிசல்மிக்க நகரத்திலன்று; வயல்சூழ்ந்த அனுராதபுரப் பகுதியிலேயாம்.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவாம். டெங்கு வைரசு நான்கு வகைப்படும். ஒருவகையால் நோயுற்றுத் தேறியவர் அவ்வகைக்கு மாத்திரமே நெடுங்காலக் காப்புப் பெறுவர்; பின்னர் வேறுவகை தொற்றின் நோய் கடுமையாதலும் உண்டு. 2017ஆம் ஆண்டில் இரண்டாம் வகை மேலோங்கியபோது, அதற்குக் காப்பற்றோர் பலராயிருந்தமையும் நோய் பெருகியதற்கு ஒரு காரணமாகும். நோய் அருகிய ஊரில் காப்பற்றோர் மிகுதி என்பதை நாம் மறத்தலாகாது. விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து திரும்பும் ஒருவரின் குருதியில் வைரசு வந்து சேருமாயின், முற்றத்துச் சிரட்டையிற் பிறந்த நுளம்பு எஞ்சிய வேலையை முடித்துவிடும்.

இக்காரணத்தாலேயே சுகாதாரத் துறையினர் நோயாளர் தொகையோடு அமையாது, நூறு வீடுகளில் நுளம்புக் குடம்பிகளுள்ள கொள்கலங்கள் எத்தனை என்றும் கணக்கிடுவர். முன்னையது நேர்ந்த தீங்கை அளப்பது. பின்னையது வரவிருக்கும் தீங்கை உணர்த்துவது. மாவட்டத்தின் சராசரி தாழ்ந்திருக்க, ஓர் ஒழுங்கையின் நிலை மிக உயர்ந்திருத்தலும் கூடும்.

அபாயம் குறைந்த இடமென்னும் எண்ணம் நோயாளரை வைத்தியரிடம் கொண்டுசெல்வதைத் தாமதப்படுத்துமாயின் அதுவே பெருங்கேடாகும். காய்ச்சல் தணியும் வேளையிலேயே குருதிக்குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து உயிருக்கு ஆபத்து நேர்வதுண்டு. எங்கு முதலிற் செல்லவேண்டும் என்பதை அதிகாரிகளுக்குக் காட்டவே பிரதேச அட்டவணை உதவும். நம் வீட்டின் அபாய நிலையையோ நம் முற்றமே கூறும். வாரத்துக்கொருமுறை அதனைச் சுற்றிப் பார்த்துத் தேங்கிய நீரை அகற்றுதல் நம் கடனாகும்.