மூன்று வாரப் படுக்கையும் முப்பது ஆண்டு முதுமையும்

மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதே வைத்தியமாக இருந்த காலம். அந்தப் படுக்கை உடலை என்ன செய்கிறது என்று அறிய, 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள் ஆய்வாளர்கள். ஐவரும் இருபது வயதை ஒட்டியவர்கள். நோய்நொடி எதுவும் கிடையாது.

எழுந்தபோது அவர்களின் நிலை திகைக்க வைத்தது. கடுமையாக உழைக்கும்போது உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. படுத்தே கிடந்தால் ரத்தத்தின் மொத்த அளவு குறைகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தமும் குறைகிறது. டெங்குவில் கிடந்து எழுந்தவருக்கு மாடிப்படி ஏற மூச்சு வாங்கினால், அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லக் கூடாது.

அதன்பின் இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். இழந்த திறன் ஐவருக்கும் திரும்பியது. முன்பே நல்ல பயிற்சியில் இருந்த இருவருக்குத்தான் பழைய அளவைத் தொட அதிக நாள் பிடித்தது. இடைவெளிக்குப் பிறகு மைதானத்துக்கு வரும் விளையாட்டு வீரர்கள் இதை அறிந்திருந்தால் வீணாக மனம் உடைய மாட்டார்கள்.

முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். ஐம்பது வயது; எடையும் கூடியிருந்தது. ஆனால் முப்பது ஆண்டு முதுமை பறித்த திறன், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவாகவே இருந்தது! நடை, மெல்லோட்டம், சைக்கிள் என ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்ததும், அன்று படுக்கப் போகும் முன் இருந்த அளவுக்கே வந்துவிட்டார்கள்.

உடல் சரி, பழக்கம் என்ன ஆகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் ஆன் கிரேபியல் குழுவினர் எலிகளுக்கு ஒரு பாதையில் ஓடிச் சாக்லேட் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பழக்கம் ஊன்றியதும் மூளையின் ஆழத்தில், ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நரம்பணுக்கள் துடிக்கும் ஒரு தனி வடிவம் உருவானது. சாக்லேட்டை நிறுத்தினார்கள், வடிவம் மங்கியது. மறுபடி வைத்ததும் விறுவிறுவென்று திரும்பி வந்தது. அது அழியவே இல்லை. இது 2005இல் வெளியான ஆய்வு. விட்ட நல்ல பழக்கத்துக்கு நம்பிக்கை தரும் இதே செய்தி, விட்ட சிகரெட்டுக்கு எச்சரிக்கையும் ஆகிறது.

அந்த வடிவத்தைத் தட்டி எழுப்புவது பெரும்பாலும் இடமும் நேரமும்தான். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிய மாணவர்களை உளவியலாளர் வெண்டி வுட் ஆராய்ந்தபோது, சூழல் மாறாமல் அமைந்தவர்களிடமே உடற்பயிற்சிப் பழக்கம் தங்கியது. வீடு மாறியபின் காலை நடை நின்றுபோனால், மனவுறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய தெருவும், காபி குடித்ததும் செருப்பு மாட்டிய அந்த வாசலும் போய்விட்டன. புது வீட்டில் காபிக்கு அடுத்து எந்த வாசல், எந்தத் தெரு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.