ஒரு அடி அயர்ன் மேன் அரை லட்சமா? ஆக்‌ஷன் ஃபிகர் விலை எகிறுவது ஏன்?

நவராத்திரிக்கு முன் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் தசாவதார செட்டைக் கையில் எடுத்து, ‘போன வருஷத்தைவிட இவ்வளவு ஏத்திட்டீங்களே’ என்று பேரம் பேசும் அம்மாக்கள் கவனத்துக்கு... உங்கள் மகன் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு அயர்ன் மேன் நிற்கிறாரா? அவர் ஒருவர் விலையில் ஐந்து படி கொலுவையே வாங்கிவிடலாம்!

‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரே ஒரு வியாபாரத் தந்திரம். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-ல் ‘ஜி.ஐ.ஜோ’ சிப்பாயைக் கொண்டுவந்தபோது, பையன்கள் ‘டால்’ வாங்க மாட்டார்கள் என்று பயந்து வைத்த பெயர் அது. இப்போது வாங்குபவர்கள் பையன்கள்கூட இல்லை. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பெரியவர்கள். அவர்களின் கனவு, 2000-ல் ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட ‘ஹாட் டாய்ஸ்’ போன்ற நிறுவனங்களின் 1/6 அளவு உருவங்கள். சுமார் 30 செ.மீ. உயரம், நடிகரின் முகத்தை அப்படியே உரித்துவைத்த தலை, நிஜமாகவே தைத்த சட்டை, மாற்றிப் பொருத்த அரை டஜன் கைகள். விலை 250, 300 டாலர், அதற்கு மேலும் உண்டு.

சென்னைக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது? ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். 300 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 25,500 ரூபாய். பொம்மைகளுக்கான சுங்க வரி 70 சதவிகிதம், அதாவது 17,850. இரண்டையும் கூட்டி அதன் மேல் 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 45,500 ரூபாயைத் தாண்டுகிறது. கப்பல் செலவு, கடைக்காரர் லாபம் தனி. மின்னணு பொம்மை என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம்!

இந்த வரி முன்பு 20 சதவிகிதம்தான். 2020 பட்ஜெட்டில் 60 ஆனது, 2023-ல் 70. கூடவே 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். தர முத்திரையும் கட்டாயமானது. மலிவான, தரமற்ற சீனப் பொம்மைகளைத் தடுக்க வேண்டும், உள்ளூர் தயாரிப்பு வளர வேண்டும் என்பது நோக்கம். பலன் கிடைத்தது; 2018-19-ல் 371 மில்லியன் டாலராக இருந்த பொம்மை இறக்குமதி, 2021-22-ல் 110 மில்லியனாகச் சரிந்தது என்கிறது மத்திய அரசு. ஆனால், நடைபாதைக் கடையின் நூறு ரூபாய் பொம்மைக்கு வீசிய வலையில், ‘பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருள்’ என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் சமாசாரமும் சேர்ந்து சிக்கிக்கொண்டது. இதை இங்கே செய்யும் உள்ளூர்த் தொழில் எதுவும் பெரிதாக இல்லை என்பதுதான் வேடிக்கை.

பழியை வரி மீது மட்டும் போட முடியாது. 2015-ல் டாலர் 64 ரூபாய் சுமார். தவிர, 2025-ல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா வரியை ஏற்றியதும், அங்கேயே விலையை உயர்த்தப்போவதாக மேட்டல் நிறுவனம் அறிவித்தது.

‘செலவு இல்லம்மா, இன்வெஸ்ட்மென்ட்’ என்பது வீட்டில் சொல்லப்படும் சமாதானம். ஆதாரமாக ‘ஸ்டார் வார்ஸ்’ போபா ஃபெட் பொம்மையைக் காட்டுவார்கள். 2024-ல் அமெரிக்காவில் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. அதில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அது கடைக்கே வராத மாதிரி வடிவம்! ஆயிரக்கணக்கில் தயாராகும் இன்றைய உருவங்களுக்கு, அதே ஹீரோவின் மேம்பட்ட பதிப்பு வந்தாலே பழையதன் மவுசு குறைந்துவிடும். மறுபடி விற்க நினைத்தால், வெளிநாட்டு வாங்குபவர் நாம் கட்டிய சுங்க வரியைத் தரப்போவதில்லை.

சென்னைக்கே உரிய இன்னொரு வில்லன், வெக்கை. பேட்மேன் உடைபோலத் தோல் மாதிரி தெரிபவை பெரும்பாலும் பாலியூரிதேன் பூச்சு கொண்ட துணி. காற்றின் ஈரம் அதை மெல்லச் சிதைக்கும். அடையாறில் கடற்காற்று வரும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சில வருடங்களில் வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிரும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதும், அலமாரியில் வெயில் படாமல் பார்ப்பதும் சேதத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

நிஜமாகவே மதிப்பு ஏறிய பொம்மை ஒன்று நம் ஊர் நிறுவனத்திடமிருந்து வந்தது. சென்னையின் எம்.ஆர்.எஃப். குழுமம், ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து 1987-ல் தொடங்கிய ‘ஃபன்ஸ்கூல்’, ஜி.ஐ.ஜோ வீரர்களை இந்தியாவிலேயே தயாரித்தது. அமெரிக்காவில் பயன்படுத்திய அச்சுகளேதான், ஆனால் பல வீரர்களுக்கு வண்ணம் வேறு. அங்கே பச்சைச் சட்டை போட்டவர் இங்கே வேறு நிறத்தில் வருவார். அந்த வித்தியாசத்துக்காகவே இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

தொண்ணூறுகளில் பிறந்தநாளுக்கு வந்த அந்தக் குட்டி வீரன் பரணில் இருக்கிறானா, பழைய பேப்பர்காரரோடு போய்விட்டானா? ஏணியைப் போட்டுப் பாருங்கள். பிரிக்காத அட்டையோடு கிடைத்தால் விலை இன்னும் கூடும்.