தோட்டத்து மரத்துண்டும் சன்ன ரம்பமும்

வேம்பு, பூவரசு, வாகை, குமிழ், மலைவேம்பு ஆகிய மரங்கள் நம் வரப்புகளிலும் வேலியோரங்களிலும் வளர்ந்து நிற்கின்றன. வெட்டும்போது அடிமரம் வியாபாரியிடம் போகிறது. பருத்த கிளைகளும், நெருக்கத்தைக் குறைக்க இடையில் கழித்த கட்டைகளும், அறுவை மில்லில் விழும் ஓரத்துண்டுகளும் விறகு விலைக்குப் போகின்றன. அல்லது வீட்டு அடுப்புக்குப் போகின்றன.

சென்னை அசோக் நகரில் அடுக்கு வீடு ஒன்றில் குடியிருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் மரவேலை செய்ய விரும்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஒரு சாண் அகலமுள்ள நல்ல பலகைத் துண்டும் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். அவரிடம் கருவியும் மாதிரிப் படங்களும் உள்ளன, மரம் இல்லை. நம்மிடம் மரம் உள்ளது. கருவியும் படமும் இல்லை. இரண்டு வீட்டிற்கும் பொதுவான ஒரு கைவேலையைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

சன்ன ரம்பம் என்பது யாது?

தச்சர் பயன்படுத்தும் ரம்பம் நேர்கோட்டில் அறுப்பது. வளைவு, நெளிவு, பூ, எழுத்து ஆகியவற்றை அறுக்க நூல் போன்ற மெல்லிய பிளேடு வேண்டும். வில் போன்ற சட்டத்தில் இப்பிளேடை இழுத்துக் கட்டிக் கையால் அறுப்பது 'பிரெட் சா'. மேசை மேல் மோட்டார் வைத்து, பிளேடு மேலும் கீழும் ஓட, மரத்தைக் கையால் திருப்பித் திருப்பி அறுப்பது 'ஸ்க்ரோல் சா'. இரண்டையும் சேர்த்து இங்கே சன்ன ரம்பம் என்று குறிப்பிடுகிறோம்.

இந்த வேலை நமக்குப் புதியதன்று. மைசூரில் ஈட்டி மரப் பலகையில் வேறு நிற மரங்களைப் பதித்துப் படம் அமைக்கும் தொழில் நடைபெறுகிறது. படத்தைத் தாளில் வரைந்து, தாளை மரத்தகட்டில் ஒட்டி, சன்ன ரம்பத்தால் ஒவ்வொரு உறுப்பாக அறுத்து எடுக்கிறார்கள். சாயம் பூசுவதில்லை. மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் பலா மரம், கருமைக்கு ஈட்டி. மரத்தின் இயற்கை நிறமே அங்கு வண்ணம்.

தேவையான கருவிகள்

தொடக்கத்திலேயே இயந்திரம் வாங்க வேண்டாம். கை பிரெட் சா ஒன்று, பிளேடு ஒரு டஜன், சி கிளாம்ப் ஒன்று, 2 மி.மீ. துளை போடும் கைத்துரப்பணம், உப்புத்தாள் ஆகியவை போதும். மேசை விளிம்பில், முன்பக்கம் 'வி' வடிவமாக வெட்டிய பலகை ஒன்றைக் கிளாம்பால் இறுக்கிக் கொள்ள வேண்டும். மரத்தை அதன் மேல் வைத்து, வெட்டுவாய்க்குள் ரம்பத்தை ஓட்ட வேண்டும். பிளேடின் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அதாவது கீழே இழுக்கும்போது வெட்ட வேண்டும். பற்கள் மேல்நோக்கி இருந்தால் மரம் துள்ளும், பிளேடு முறியும்.

இந்த வேலை பிடித்து, இரண்டு மூன்று மாதம் கை பழகிய பின் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். சிறிய இயந்திரங்கள் பெரும்பாலும் 100 வாட் அளவு மின்சாரமே எடுக்கும், 5 செ.மீ. தடிமன் வரை அறுக்கும். மற்ற மரவேலை இயந்திரங்களைப் போலப் பேரிரைச்சல் இல்லை. இயந்திரத்தின் அடியில் பழைய டயர்த் துண்டை வைத்தால் அதிர்வு அடங்கும். அதனால்தான் நகரத்து அடுக்கு வீட்டிலும் இது இடம் பெற முடிகிறது.

பிளேடின் எண் கூடக்கூடப் பல் பருமனாகும். 6 மி.மீ. ஒட்டுப்பலகைக்கு 3-ஆம் எண்ணும், 20 மி.மீ. கெட்டி மரத்துக்கு 5 அல்லது 7-ஆம் எண்ணும் பொருத்தம். மரத்தின் தடிமனுக்குள் எப்போதும் மூன்று பற்களாவது இருக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்க.

மரத் தேர்வு

குமிழ், மலைவேம்பு ஆகியவை மென்மையானவை. புதிதாகப் பழகுவோர்க்கு ஏற்றவை. வெட்பாலை வெண்ணிறமும் நுண்ணிய இழையும் உடையது. கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்துப் பொம்மைகள் இம்மரத்திலேயே கடையப்படுகின்றன. பூவரசு, வேம்பு கொஞ்சம் கெட்டி. வாகையில் அழகான பழுப்பு வரிகள் கிடைக்கும். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் உளி கொண்டு செய்யப்படும் மரச்சிற்பங்களுக்கு 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கும் வாகையும் வேம்பும் பயன்படுகின்றன. ஆனால் வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தொடர்ந்து தும்மல் வரும். முகமூடி இன்றி அதை அறுக்கக் கூடாது.

சந்தனம், ஈட்டி, தேக்கு போன்ற மரங்களை வெட்டவும் வெளியூர் கொண்டு செல்லவும் தனி விதிகள் உண்டு. பட்டா நிலத்து மரமாயினும் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பதப்படுத்துதல்

பச்சை மரத்தை அறுத்துச் செய்த பொருள் ஒரு கோடையில் வளைந்து வெடித்துவிடும். ஆகவே கட்டையை மில்லில் 12 மி.மீ., 20 மி.மீ. பலகைகளாக அறுத்து, பலகைக்குப் பலகை குறுக்குக் குச்சி வைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்க வேண்டும். வெட்டுமுனைகளில் பழைய பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும். அடுக்கில் ஒரு சிறு துண்டை எடுத்து வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வருக. எடை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வெளிர் நிற மரங்கள் உளுத்துப் போகும் இயல்புடையவை. இதைத் தடுக்க, 10 லிட்டர் வெந்நீரில் போரிக் அமிலம் 250 கிராம், வெங்காரம் 375 கிராம் கரைத்து, புதிதாக அறுத்த ஈரப் பலகையை நன்கு நனைக்க வேண்டும். பிறகு நெருக்கி அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடி மூன்று, நான்கு வாரம் வைத்தால் மருந்து உள்ளே இறங்கும். அதன்பின் குச்சி வைத்து உலர்த்தலாம். கையுறை அவசியம். இவ்வாறு பதப்படுத்திய மரத்தில் கரண்டியோ, குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மையோ செய்யக் கூடாது. மீந்த கரைசலைப் பயிர் நிலத்தில் ஊற்றக் கூடாது. போரான் மிகுந்தால் பயிர் கருகும்.

கோலத்தை மரத்தில் வெட்டும் முறை

முதல் வேலையாகச் சிக்குக் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பூசை அலமாரிக்கோ, ஜன்னலுக்கோ அழகான தடுப்பாக அமையும்.

1. 20 செ.மீ. சதுரமும் 6 மி.மீ. தடிமனும் உள்ள ஒட்டுப்பலகை எடுக்கவும். மெல்லிய இழை வேலைக்குத் தனி மரம் ஆகாது. இழைக்குக் குறுக்கே வரும் இடத்தில் ஒடிந்துவிடும்.

2. வாசலில் நாம் போடும் கோடு மாவாக நிற்கிறது. மரத்தில் அதே கோடு மரமாக நிற்க வேண்டும். இடைவெளிதான் வெட்டப்பட வேண்டும். ஆகவே கோட்டை 5 மி.மீ. அகலமுள்ள இரட்டைக் கோடாக வரைந்து, இடைவெளிகளைப் பென்சிலால் நிழலிடவும். நிழல் பட்ட இடம் மட்டுமே வெட்டும் இடம்.

3. சிக்குக் கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் எல்லாம் இணைந்தே நிற்கும். புள்ளிகள் மட்டும் எதனோடும் சேராமல் உதிர்ந்துவிடும். ஆகவே புள்ளிகளை விட்டுவிடவும். கோலத்தின் நான்கு முனைகளும் வெளிச்சட்டத்துடன் 1 செ.மீ. அளவாவது ஒட்டி இருக்க வேண்டும்.

4. பலகை மேல் முதலில் அகலமான ஒட்டும் நாடாவை ஒட்டி, அதன் மேல் படத்தை மைதாப் பசையால் ஒட்டவும். வேலை முடிந்ததும் நாடாவோடு தாளும் உரிந்து வரும். தேக்கு போன்ற மரங்களில் வெட்டுவாய் கருகாமல் இருக்கவும் இந்த நாடா உதவுகிறது.

5. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளை வழியே நுழைத்து மீண்டும் மாட்டவும். விரலால் சுண்டினால் வீணைத் தந்தி போல் ஒலிக்கும் அளவுக்கு இறுக்கவும்.

6. நடுவிலுள்ள இடைவெளிகளை முதலில் வெட்டி வெளிப்புறம் நோக்கி வரவும். வெளிவிளிம்பைக் கடைசியில் வெட்டவும். விளிம்பை முதலில் வெட்டினால் பிடிக்க இடமிராது.

7. பிளேடைப் பக்கவாட்டில் தள்ளக் கூடாது. மரத்தையே திருப்ப வேண்டும். பெரும்பாலான பிளேடுகள் சற்று வலப்பக்கம் இழுக்கும். உற்பத்தியின்போது ஒரு பக்கம் பிசிறு தங்குவதே காரணம். மரத்தைச் சற்றே சாய்த்து ஊட்டினால் கோடு நேராக வரும்.

அடுத்த வேலை: மாவட்டப் புதிர்

1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நிலப்படத்தைப் பலகையில் ஒட்டி நாடு நாடாக அறுத்து, குழந்தைகளுக்குப் புவியியல் பாடப் பொருளாக விற்றார். அறுத்து அடுக்கும் புதிர்களின் தொடக்கம் இதுவே என்பர். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் இவ்வாறே அறுத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். படத்தின் உயரம் 45 செ.மீ. ஆனால் சென்னை மாவட்டம் சுமார் 1.5 செ.மீ. அளவே வரும். சிறு குழந்தை அதை விழுங்கிவிடக் கூடும். ஆகவே அத்துண்டை மட்டும் அடிப்பலகையிலேயே ஒட்டிவிடுக.

பாதுகாப்பு

• மேல்துண்டு, முந்தானை, தொங்கும் கைச்சட்டை ஆகியவை இயந்திரத்தின் அருகில் ஆகாது.

• பிளேடு முறிந்தால் கையை நீட்டாதீர்கள். முதலில் சுவிட்சை அணைத்து, ஓட்டம் நின்ற பின் எடுக்கவும். கண்ணாடி அணிவது கட்டாயம்.

• மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றும். கூரை வீட்டில் இது பெரும் ஆபத்து. துணியை விரித்துக் காயப் போடவும். அல்லது நீரில் ஊற வைக்கவும்.

• ஒட்டுப்பலகைத் தூளில் பசை கலந்திருப்பதால் எருக்குழியில் போட வேண்டாம். மருந்திட்ட மரத்தின் தூளும் ஆகாது.

குறிப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறை

இக்கைவேலை உலகில் பரவியதற்குக் காரணம் கருவி மட்டும் அன்று. இங்கிலாந்தில் டீரம் என்ற சிற்றூரிலிருந்து 1895-ஆம் ஆண்டு 'ஹாபீஸ்' என்ற வார இதழ் வெளிவரத் தொடங்கியது. இதழோடு சன்ன ரம்ப வேலைக்கான மாதிரிப் படத்தாளும் இலவசமாக வழங்கப்பட்டது. வீட்டு மூலையில் தனியே அறுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒருவர் கண்ட முறை மற்றவர்க்குக் கிடைத்தது.

நம்மிடம் இதைவிட எளிய வழி ஒன்று முன்பே உள்ளது. அதுவே கோல நோட்டு. மார்கழிக்கு முன் ஒரு வீட்டு நோட்டு அடுத்த வீட்டிற்குப் போகிறது. பார்த்து எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறார்கள். சன்ன ரம்ப வேலைக்கும் அவ்வாறே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம். ஆனால் படத்தை மட்டும் கொடுத்தால் போதாது. மரம், தடிமன், பிளேடு எண், ஆன நேரம், நேர்ந்த பிழை ஆகிய ஐந்தையும் அடியில் எழுத வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

'மரம்: வாகை. தடிமன்: 12 மி.மீ. பிளேடு: 5. நேரம்: 4 மணி. பிழை: விளிம்பை முதலில் வெட்டியதால் வலது மூலை ஒடிந்தது.'

இந்தக் கடைசி வரியே அதிகப் பயன் தருவது. அழகாக முடிந்த பொருளைக் காட்ட எல்லோருக்கும் விருப்பம் உண்டு. ஒடிந்த மூலையைச் சொல்பவர்தான் அடுத்தவரின் பலகையைக் காப்பாற்றுகிறார்.

அசோக் நகரில் மகன் வீட்டிற்கோ மகள் வீட்டிற்கோ செல்லும் உழவர்கள், காய்ந்த பலகைத் துண்டுகள் சிலவற்றை 15 செ.மீ. சதுரமாக நறுக்கி, மரத்தின் பெயரும் வெட்டிய மாதமும் எழுதி எடுத்துச் செல்லலாம். திரும்பும்போது படமும் பிளேடும் கொண்டு வரலாம். பேரப்பிள்ளைகளுக்கு வேம்பு எது, பூவரசு எது என்று நிறத்தாலும் மணத்தாலும் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

வருமானம் வருமா?

உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. கடன் வாங்கி இயந்திரம் வாங்கும் தொழிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கையால் ஆறு மணி நேரம் வெட்டிய கோலத்தட்டை, ஆலையில் சில நிமிடத்தில் வெட்டிய தட்டோடு விலையில் போட்டியிட வைக்க முடியாது. பெயர்ப்பலகை, புதிர், நாற்றங்கால் பெயர்க்குச்சி என்று கேட்டுச் செய்பவர்க்கு மட்டும் செய்து கொடுத்தால் பிளேடு செலவும் மெருகுச் செலவும் மீளலாம். நன்கு உலர்த்தி அளவாக நறுக்கிய பலகைத் துண்டுகளை மரவேலை பழகுவோர்க்கு விற்பதும் ஒரு வழி. விறகாகப் போகும் கட்டைக்கு விறகை விட நல்ல விலை கிடைக்க அது இடம் தரும்.

ஆகவே உழவர் பெருமக்கள் அடுத்த முறை மரம் கழிக்கும்போது, தொடை பருமனுள்ள நேரான கட்டை இரண்டை மட்டும் அடுப்பிலிருந்து காப்பாற்றி, அறுத்து, நிழலில் அடுக்கி வைக்கலாம். மழை நாளில் வயலுக்குப் போக முடியாத ஒரு பிற்பகலில் அவை கைகொடுக்கும். வெட்டிய கோலத்தையும், ஒடிந்த மூலையையும் நோட்டில் எழுதி அடுத்த வீட்டிற்குக் கொடுங்கள்.