இழந்ததை மீட்டருளும் இறைவன்
அனுப்பர்பாளையத்திலிருந்து ஒரு நாள் யாத்திரை

காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய்வர மனம் விரும்பினாலும் முழங்கால் இடம் கொடுக்காத வயது ஒன்று உண்டு. பேருந்தில் இரவெல்லாம் விழித்திருக்க முடியாது. வேளை தவறாமல் மருந்து உட்கொள்ள வேண்டும். துணைக்கு வர வேண்டிய பிள்ளைகளுக்குப் பனியன் கம்பெனியில் விடுப்புக் கிடைப்பது அரிது. இத்தகைய பெரியவர்கள், 'இனி நமக்கு யாத்திரை ஏது?' என்று மனம் சோர்வது இயல்பே.

ஆயினும், திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் வாழ்பவர்களுக்கு அந்தச் சோர்வு தேவையில்லை. வீட்டு வாசலிலிருந்து அரை மணி நேரப் பயணத்துக்குள் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு, பழம்பெருமை வாய்ந்த சிவாலயம் ஒன்று, பன்னாட்டுச் சிறப்புப் பெற்ற நீர்நிலை ஒன்று ஆகியவை அமைந்துள்ளன. காலையில் புறப்பட்டு, நண்பகலில் வீட்டுக்கு வந்து உணவருந்தி இளைப்பாறி, மீண்டும் மாலையில் புறப்பட்டு, இரவு உணவுக்குள் திரும்பிவிடலாம். இந்தத் தலங்களின் வரலாறுகள் அனைத்தும் ஒரே பொருளைப் பேசுகின்றன என்பது இந்த யாத்திரையின் தனிச்சிறப்பு. இழந்தது மீண்டும் கிடைத்தது என்பதே அந்தப் பொருள்.

பாத்திர ஒலி கேட்கும் ஊர்

திருப்பூர் என்றாலே பின்னலாடை நினைவுக்கு வரும். அனுப்பர்பாளையத்துக்கோ அதற்கு முன்பிருந்தே வேறொரு பெயர் உண்டு. பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்கள் செய்யும் ஊர் அது. குடம், அண்டா, சொம்பு, குத்துவிளக்கு எனக் கொங்கு நாட்டுக் கல்யாணச் சீர்வரிசைகளில் இடம்பெற்ற பொருள்கள் பலவும் இங்குள்ள பட்டறைகளில் உருவானவையே. நசுங்கி ஒடுங்கிய பழைய பித்தளை இங்கே உருக்கப்பட்டு மீண்டும் குடமாகிறது. இந்த யாத்திரையின் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை. புறப்படுமுன் வீட்டு விளக்கை ஏற்றி, பிள்ளையாரை வணங்கி, ஒரு சிறு சொம்பில் தண்ணீரும் மாத்திரைப் பையும் எடுத்துக்கொண்டால் போதும்.

பறிபோன பொன் திரும்பிய பூண்டி

அவிநாசி சாலையில் மூன்று நான்கு கிலோமீட்டர் சென்றதும் திருமுருகன்பூண்டி. ஊர் நெருங்கும்போதே கல்லில் உளி பாயும் ஓசை கேட்கும். தெய்வத் திருமேனிகளைச் செதுக்கும் சிற்பிகள் நிறைந்த ஊர் இது. கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஏழு தலங்களுள் இதுவும் ஒன்று. மேற்கு நோக்கிய திருக்கோயிலில் இறைவன் முருகநாதசுவாமியாக எழுந்தருளியுள்ளார்.

சூரனை வதைத்த பின் தம்மைத் தொடர்ந்த தோஷம் நீங்க, முருகப்பெருமான் இங்கே சிவலிங்கம் அமைத்து வழிபட்டார் என்பது தல வரலாறு. அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர். தந்தையை வணங்க வந்தவர் வேலையும் மயிலையும் வெளியே நிறுத்தி வந்தார் என்பதால், இங்குள்ள முருகன் திருமேனியில் அவை இரண்டும் இல்லை. தேவர்களின் சேனாபதியே ஆனாலும், சந்நிதிக்குள் நுழையும்போது தம் பெருமையை வெளியே விட்டு வர வேண்டும் என்பதை அந்தத் திருமேனி உணர்த்துகிறது. பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சிறிது நேரம் நின்று தரிசிக்க வேண்டிய சந்நிதி இது.

இத்தலத்தின் மற்றொரு வரலாறு சுந்தரமூர்த்தி நாயனாருடையது. சேரமான் பெருமாள் நாயனாரின் விருந்தினராகத் தங்கி, அவர் அளித்த பொன்னும் மணியும் ஆடையும் ஆட்கள் சுமந்துவரத் திரும்பிக்கொண்டிருந்தார் சுந்தரர். பிறர் கையால் தம் தோழர் பொருள் பெறுவதா என்று எண்ணிய இறைவன், பூதகணங்களை வேடர்களாக அனுப்பி, அத்தனையையும் வழிப்பறி செய்யச் செய்தார். சுந்தரர் நேரே கோயிலுக்குள் வந்தார். வழிப்போக்கரை அடித்துப் பறிக்கும் வேடர் வாழும் இந்த ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று, தோழருக்குரிய உரிமையோடு பதிகம் பாடிக் கேட்டார். பறிபோன பொருள்கள் யாவும் கோயில் வாயிலில் வந்து குவிந்தன. இறைவன் தாமே பறித்து, தம் கையாலேயே திருப்பிக் கொடுத்த இந்த நிகழ்ச்சி, மாசித் திருவிழாவில் 'வேடுபறி' என்ற பெயரில் நினைவுகூரப்படுகிறது.

மனம் தடுமாறியவர்களைக் குடும்பத்தார் அழைத்து வந்து வழிபடும் தலமாகவும் பூண்டி நெடுங்காலமாக விளங்குகிறது. பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட முதியவர்கள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வருவோர், மருத்துவர் தரும் மருந்தையும் ஒருநாளும் நிறுத்தலாகாது. வேண்டுதலும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும்.

முதலை உண்ட பாலகன் மீண்ட அவிநாசி

பூண்டியிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் அவிநாசி. திருப்புக்கொளியூர் என்பது இதன் பழம்பெயர். 'விநாசம்' என்றால் அழிவு; 'அவிநாசி' என்றால் அழிவில்லாதது. 'காசியில் வாசி அவிநாசி' என்று கொங்கு நாட்டார் சொல்வது வழக்கம். அவிநாசிலிங்கேசுவரருக்கு வலப்புறத்தில் கருணாம்பிகை அம்மன் தனிச் சந்நிதி கொண்டு அருள்பாலிக்கிறாள். சித்திரைத் தேர்த் திருவிழாவில் இவ்வூர்ப் பெருந்தேரின் வடம் பிடிக்கச் சுற்றுவட்டாரமே திரளும். முதியவர்கள் அந்தக் கூட்டத்தைத் தவிர்த்து, சாதாரண நாளின் காலைப் பொழுதில் வந்தால் அமைதியாகத் தரிசிக்கலாம்.

சேரநாட்டுக்கு மீண்டும் புறப்பட்ட சுந்தரர் இவ்வூர் வழியே வந்தார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்தின் மங்கல ஒலி கேட்டது. எதிர்வீட்டில் அழுகுரல் கேட்டது. காரணம் கேட்டார். ஒத்த வயதுள்ள இரு பாலகர்கள் சில ஆண்டுகளுக்கு முன் மடுவில் குளிக்கச் சென்றார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல். தம் மகன் இருந்திருந்தால் அவனுக்கும் இந்நாள் வாய்த்திருக்குமே என்று எதிர்வீட்டார் அழுகிறார்கள் என்று சொன்னார்கள்.

இதன் பிறகு நடந்ததைச் சேக்கிழார் பெருமான் சொல்லும் இடம்தான் நெஞ்சை உருக்குவது. சுந்தரர் வந்திருப்பதை அறிந்ததும், அழுதுகொண்டிருந்த அந்தப் பெற்றோர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு முகமலர்ச்சியோடு வந்து அவரை வணங்கினார்கள். மகனை இழந்தவர்கள் நீங்களா என்று அவர் கேட்டபோதுதான் ஆம் என்றார்கள். அது முன்னரே நடந்துவிட்டது, தங்களைக் காண வேண்டும் என்ற எங்கள் நெடுநாள் ஆசை இன்று நிறைவேறியது என்றார்கள். அவர்களாக எதையும் கேட்கவில்லை. சுந்தரரே மடுக்கரைக்குச் சென்று பதிகம் பாடினார். நான்காம் பாடலில் முதலை கரைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு பாலகன் உயிருடன் வெளிவந்தான். சுந்தரர் கயிலைக்கு எழுந்தருளும் முன் இவ்வுலகில் நிகழ்த்திய அற்புதம் இது.

இழந்த பிள்ளை எல்லோருக்கும் திரும்பி வருவதில்லை. மகனையோ மகளையோ பறிகொடுத்த பெற்றோரும், ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்த துணையை இழந்து தனித்திருப்போரும் இந்தச் சந்நிதியில் அன்றாடம் நிற்கிறார்கள். அவர்களுக்கு இத்தலம் சொல்வது என்ன? அந்தப் பெற்றோர் மகன் திரும்பி வந்த பின் வணங்கவில்லை. வருவான் என்று அறியாமலே, துயரத்தின் நடுவிலேயே எழுந்து வந்து வணங்கினார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்ற அந்த நொடியில் அவர்கள் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். அந்த மீட்சி யாவருக்கும் வாய்க்கக்கூடியது.

நண்பகலில் நடை சாத்தப்படும். அதற்கு முன் தரிசனம் முடித்துப் புறப்பட்டால், மதிய உணவுக்கு அனுப்பர்பாளையம் வந்துவிடலாம். ஒரு மணி நேரம் கண்ணயர்வது பெரியவர்களுக்கு அவசியம்.

சுக்ரீவன் வழிபட்ட பெரியபாளையம்

மாலை 4 மணிக்கு மேல் புறப்பட்டால், ஊத்துக்குளி சாலையில் உள்ள சர்க்கார் பெரியபாளையத்தை வெயில் தணியும் நேரத்தில் அடையலாம். இங்குள்ள சுக்ரீசுவரர் திருக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அர்ச்சகர் இருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நல்லது.

அண்ணனால் துரத்தப்பட்டு, மனைவியையும் அரசையும் இழந்த சுக்ரீவன் வழிபட்ட தலம் என்பதால் இறைவனுக்கு இந்தத் திருநாமம். 'குரக்குத்தளி' என்ற பழம்பெயரும் இதையே குறிக்கிறது. சுக்ரீவன் இழந்ததை இராமபிரானின் துணையால் பெற்ற கதை நாம் அறிந்ததே. வாலி வழிபட்டதாகச் சொல்லப்படும் வாலீசுவரர் கோயில், அவிநாசிக்கு அப்பால் சேவூரில் இருக்கிறது. உயிரோடு இருந்தவரை ஒன்றுசேராத உடன்பிறந்தார் இருவரும் ஒரே சிவபெருமானைத்தான் வணங்கினார்கள். சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இத்தலத்து இறைவனுக்கு மிளகேசுவரர் என்ற பெயரும் உண்டு. மிளகு மூட்டைகளோடு வந்த வணிகரிடம், மூட்டையில் என்ன என்று முதியவர் உருவில் இறைவன் கேட்டார், கொடுக்க மனமின்றிப் பயறு என்றார் வணிகர், மூட்டையெல்லாம் பயறாயின, பிழையுணர்ந்து வேண்டியபின் மீண்டும் மிளகாயின என்பது செவிவழிக் கதை. சந்நிதிக்கு எதிரே இரண்டு நந்திகள் இருக்கும். பயிரை மேய்ந்த காளையின் காதை ஒருவர் அறுக்க, மறுநாள் நந்தியின் காது அறுபட்டிருந்தது. அஞ்சிய அவர் புதிய நந்தி ஒன்றைச் செய்துவைத்தார் என்பார்கள். ஊனமுற்ற நந்தி அகற்றப்படவில்லை. பழுதுபட்டது என்பதற்காக எதையும் ஒதுக்காத சந்நிதி இது.

பறவைகள் வந்து சேரும் நஞ்சராயன் குளம்

கோயிலுக்கு அருகிலேயே நஞ்சராயன் குளம். அவிநாசி, பூண்டி வழியே வரும் நல்லாறு இந்தக் குளத்தில் சேர்ந்து, பின்னர் நொய்யலை அடைகிறது. காலையில் தரிசித்த தலங்களின் வழியே ஓடிவந்த நீரைத்தான் மாலையில் இங்கே காண்கிறோம். ஏறத்தாழ 125 ஹெக்டேர் பரப்புள்ள இக்குளம் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் வரிசையில், இது சேர்க்கப்பட்டது. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை இமயத்துக்கு அப்பாலிருந்தும் பறவைகள் வரும். பனிமலையைக் கடந்து பறக்கும் பட்டைத்தலை வாத்தும் அவற்றுள் ஒன்று. பேரக்குழந்தைகளை உடன் அழைத்துச் சென்றால் அவர்களுக்கும் இது நல்ல காட்சி.

ஆனால் ஆற்றின் நலிவையும் மறைக்க இயலாது. சாயக்கழிவால் நொய்யல் சீரழிந்ததும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் இப்பகுதியினர் மறக்க முடியாதவை. அதன் பின் கழிவுநீரை வெளியே விடாத முறை கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. நல்லாற்றிலோ வீட்டுக் கழிவும் பிளாஸ்டிக் குப்பையும் கலக்கின்றன. சுந்தரர் பாடியபோது மடு பாலகனைத் திருப்பித் தந்தது. நாம் இழந்த ஆற்றைத் திருப்பித் தருவது நம் கையில் இருக்கிறது. அர்ச்சனைத் தட்டின் பிளாஸ்டிக் பையையும், வாடிய மாலையையும் நீரில் எறியாமல் வீட்டுக்கு எடுத்து வருவதே இந்த யாத்திரையின் கடைசி வழிபாடாக அமையலாம்.

கதிரவன் சாய்ந்து பறவைகள் கூடு திரும்பும் வேளையில் புறப்பட்டால், வீட்டு வாசலில் விளக்கேற்றி வைத்திருக்கும் நேரத்தில் அனுப்பர்பாளையம் வந்து சேரலாம். கைப்பை காலையில் இருந்ததைப் போலவே இருக்கும். மனம் சற்று இலேசாகியிருக்கும். அவிநாசியப்பரும் கருணாம்பிகையும் யாவருக்கும் துணையிருப்பார்களாக.