உப்பளத்து வீட்டுக்கு வணிகச் சட்டம் எதற்கு?

மரக்காணம் உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வேலை நின்றுவிடும். பாத்தியில் மழைநீர் நிற்கும் அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது எத்தனை நாள் உலை வைக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மீதி நாட்களுக்கு முன்பணம் வாங்க வேண்டும். இளையவர்கள் என்றால் செல்போனில் கடன் செயலியைத் தேடுவார்கள்.

இரண்டுமே ஒப்பந்தம்தான். முன்பணம் வாய்ப்பேச்சில் முடிகிறது. செயலிக் கடன், படித்தால் புரியாத ஆங்கிலத்துக்குக் கீழே ‘சம்மதம்’ என்ற பொத்தானை விரலால் தொட்டதும் முடிகிறது. முதலாவதைப் பற்றிப் பேசுவது வணிகச் சட்டம். இரண்டாவதில் தொழில்நுட்பச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. “அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் படிக்கிற படிப்பு” என்று நம் பிள்ளைகளிடம் நாமே சொல்லி வருகிறோம். அந்தப் பேச்சை நிறுத்தியாக வேண்டும்.

2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டபோது நாம் கையில் எடுத்தது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அது இன்றும் தேவை, நாளையும் தேவை. ஆனால் அடி இப்போது வேறு திசையிலிருந்தும் விழுகிறது.

என்ன இருக்கிறது இந்தச் சட்டங்களில்?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது. ஒருவரைத் தன் விருப்பத்துக்கு ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவர், அதைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைவதை அதன் 16ஆவது பிரிவு ‘தகாத செல்வாக்கு’ என்கிறது. அப்படிப் பெறப்பட்ட ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் ரத்து செய்யக் கோரலாம். முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போட்டால் அது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டிய கடப்பாடே இல்லாமல் போகிறது.

கடன் செயலிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதிகள் வகுத்தது. போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி எடுக்கக் கூடாது. வட்டியும் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். இணையவழி மோசடியில் பணம் போனால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். உப்புநீரில் தேய்ந்த விரலைக் கருவி ஏற்காவிட்டால்? கைரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்கு அரசு உதவி மறுக்கப்படக் கூடாது என்பதை 2018ஆம் ஆண்டு ஆதார் தீர்ப்பு உறுதி செய்திருக்கிறது.

இவை எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. எடுத்து வாதாட நம் பக்கத்தில் ஆள் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1925 முதல் 1928 வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேர ஆசிரியராக இருந்தார். கற்பித்த பாடம் வணிகச் சட்டம். மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிப் பருகிய 1927ஆம் ஆண்டும் அதற்குள்தான் வருகிறது. குளத்து நீருக்கான உரிமையும் வியாபார ஒப்பந்தமும் அவருக்கு வேறு வேறு உலகமாக இருக்கவில்லை.

இணையத்தில் படிக்கலாமா?

விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி 2017இல் வந்தது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கறுப்பு அங்கி போட்ட நம் பிள்ளைகள் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஜூனியர்களாக இருக்கிறார்கள். வேலையை விட்டுச் சென்னையில் அறை எடுத்து இரண்டு ஆண்டு எல்.எல்.எம். படிக்க எத்தனை பேரால் முடியும்? அதனால்தான் ‘வீட்டிலிருந்தபடியே முதுநிலைச் சட்டம்’ என்ற விளம்பரம் அவர்களை இழுக்கிறது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், தொலைநிலையிலும் இணையவழியிலும் பட்டம் தரக்கூடாத படிப்புகளின் வரிசையில் சட்டத்தையும் வைத்திருக்கின்றன. முன் அனுமதி பெறாத இணையவழி, கலப்புமுறை எல்.எல்.எம். படிப்புகள் செல்லாது என்று இந்திய பார் கவுன்சில் 2025இல் அறிவித்தது. ‘எக்சிகியூட்டிவ்’, ‘புரொஃபஷனல்’ என்று முன்னொட்டுச் சேர்த்து விற்பதையும் அது கண்டித்தது. லட்சக்கணக்கில் கட்டி வாங்கிய அந்தத் தாள், நாளை உதவிப் பேராசிரியர் வேலைக்கோ முனைவர் பட்டச் சேர்க்கைக்கோ உதவாமல் போகலாம்.

எனவே சேருமுன் பார் கவுன்சிலின் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்றால், அது நிறுவனம் தரும் சலுகையா, உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடனா என்று பாருங்கள். கடன் என்றால், படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. வணிகச் சட்டத்தின் முதல் பாடம் அந்தச் சேர்க்கைப் படிவத்திலேயே தொடங்குகிறது.

வழக்கறிஞராகத் தொழில் செய்ய எல்.எல்.எம். கட்டாயம் இல்லை. அறிவுதான் வேண்டும் என்றால் செலவு குறைந்த வழிகள் உண்டு. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியும் ஹைதராபாத் நல்சாரும் தொலைநிலையில் முதுநிலை டிப்ளமோ நடத்துகின்றன. இக்னோவில் இணையச் சட்டத்துக்கு முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. ‘ஸ்வயம்’ தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற மட்டும் கட்டணம்.

அரசு செய்ய வேண்டியது

தூரத்திலிருந்து சட்டம் படிப்பதே தவறு என்று யாரும் சொல்ல முடியாது. லண்டன் பல்கலைக்கழகம் 1858லிருந்து வெளிநிலை மாணவர்களுக்குத் தேர்வு நடத்தி வருகிறது. சுண்ணாம்புக் குழியில் கல்லுடைத்துக் கண் கெட்ட நெல்சன் மண்டேலா, ரோபன் தீவுச் சிறையிலிருந்து அங்கேதான் சட்டம் படித்தார். உப்பின் வெண்மையில் கண் கூசி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவை ஏன் மூட வேண்டும்? போலிகளைத் தடுக்கத்தான் தடை என்றால் சரி. அசலைத் தருவது யார்?

வெளிநாடு போகும் ஆதிதிராவிட மாணவருக்கு ஒன்றிய அரசின் உதவித்தொகை 115 பேருக்கு இருக்கிறது. மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது. இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் விமானம் ஏற முடியாமல், தாய் தகப்பனை விட்டு நகர முடியாமல், திண்டிவனம் நீதிமன்ற வாசலில் நிற்பவருக்கு என்ன இருக்கிறது?

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், பார் கவுன்சிலின் முன் அனுமதியுடன், வணிகச் சட்டத்திலும் தொழில்நுட்பச் சட்டத்திலும் பணியில் இருப்போருக்கான முதுநிலைப் படிப்பைத் தொடங்க வேண்டும். வார நாட்களில் பாடம் இணையத்தில் நடக்கட்டும். சனி, ஞாயிறு வகுப்பும் தேர்வும் விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் நடக்கட்டும். பாடநூல் தமிழிலும் வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இந்தப் படிப்புக்கும் கிடைக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறையும் சட்டத்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் முடியாத காரியம் இல்லை.

உப்பு அள்ளும் கைக்கு முன்பணம் நீட்டுகிறவருக்கு ஆலோசனை சொல்ல வழக்கறிஞர் இருக்கிறார். செயலிக்காரருக்கும் இருக்கிறார். அந்த மேசையின் எதிர்ப்பக்க நாற்காலி காலியாகக் கிடக்கிறது. மரக்காணத்துப் பிள்ளைகள் அதில் உட்கார வேண்டும்.